செக்கர் மாமாவும் மத்தியானச் சர்க்கரையும்

குளுக்கோஸ் தண்ணீரைப் பாதி குடித்துவிட்டு ரோஜாக்காரி தம்ளரைக் கீழே வைத்தாள்.

"மிச்சத்தையும் குடிங்கம்மா," என்றாள் ரத்தப் பரிசோதனைக்கூடத்துப் பெண்.

"உள்ள இறங்க மாட்டேங்குது. கொஞ்சம் உப்பாவது போட்டுக் கொடுங்களேன்."

"கேட்டதெல்லாம் போட்டுக் கொடுக்க இது என்ன ஜூஸ் கடையா? மூக்கைப் பிடிச்சுட்டு ஒரே மடக்கா குடிச்சிடுங்க. வாந்தி எடுத்தீங்கன்னா இன்னொரு நாள் வந்து மறுபடியும் முதல்லேருந்து ஆரம்பிக்கணும்."

பக்கத்து நாற்காலியில் இருந்த புருஷன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "நாள் பூரா சர்க்கரைக்குள்ளயே நிக்கிறவ நீ. ஒரு தம்ளருக்கா இந்தப் பாடு?"

"நீங்க லிஃப்ட் ரிப்பேர் பண்றீங்க. வீட்டுக்கு வந்தும் ஏறி ஏறி இறங்குவீங்களா?"

அவள் சொன்னது நியாயம்தான். கேக் கடையின் பின்னறையில் நின்று, க்ரீம் பையைப் பிழிந்து, கேக்குக்கு மேல் ரோஜா மலர்த்துவது அவள் வேலை. பிழிந்த ரோஜாவைப் பார்த்தால் பறிக்கத் தோன்றும். அதனால் கடையில் அவளுக்கு ரோஜாக்காரி என்றே பெயராகிவிட்டது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே இனிப்பின் மேலிருந்த ஆசை அவளுக்கு விட்டுப்போயிற்று. வெண்ணெயும் வெனிலாவும் கலந்த வாசனை மூக்கில் ஏறினால், பச்சைமிளகாயைக் கடிக்கலாமா என்றிருக்கும். கேக் கடையில் வேலை செய்கிறவளுக்கு இனிப்புப் பிடிக்காது என்றால் யார் நம்புவார்கள்? ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மாவே நம்பவில்லை.

"சர்க்கரை ஏறியிருக்கும்மா. கர்ப்பத்துல சில பேருக்கு இப்படி வரும்."

"நான் இனிப்பே தொடறதில்ல டாக்டர்."

"அப்படியா? என்ன வேலை பண்றீங்க?"

"கேக்குல பூ வைக்கிறேன்."

டாக்டரம்மாவின் பேனா எழுதுவதை நிறுத்தியது. நிமிர்ந்து பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார். ரோஜாக்காரியின் தலைவலியெல்லாம் அந்தச் சிரிப்பிலிருந்துதான் ஆரம்பித்தது.

டாக்டரம்மா நல்லவர்தான். நஞ்சுக்கொடியில் சுரக்கிற சுரப்பால் வருகிற தொந்தரவு இது, யார் மேலும் தப்பில்லை என்றார். தட்டில் பாதிக்குக் காய்கறி, கொஞ்சமாய்ச் சோறோ ரொட்டியோ, முட்டை, மீன், பயறு, சாப்பிட்டதும் ஒரு நடை என்று விளக்கினார். விரலைக் குத்திப் பார்க்கிற சின்ன மெஷின் ஒன்றைக் கையில் கொடுத்தார்.

"சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு நூத்தி இருபதுக்குள்ள இருக்கணும். கையை சோப்புப் போட்டுக் கழுவணும். ஈரமில்லாம துடைக்கணும். அப்புறம்தான் குத்தணும். சாப்பாட்டுலயே அடங்கிட்டா சரி. அடங்கலைன்னா இன்சுலின்."

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகாதே டாக்டர்?"

"அடக்கி வெச்சா ஒண்ணும் ஆகாது. கண்டுக்காம விட்டாத்தான் பிள்ளை உள்ளுக்குள்ள ரொம்பப் பெருத்துடும். உங்களுக்கும் கஷ்டம், அதுக்கும் கஷ்டம்."

வீட்டில் மாமனார் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் செக்கர் மாமா. டிக்கெட் எடுக்காதவன் பஸ்ஸில் எங்கே நின்றாலும் அவன் கழுத்து நிற்கிற விதத்திலேயே கண்டுபிடித்துவிடுவேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறவர்.

விஷயத்தைக் கேட்டதும் சமையலறைக்குப் போனார். சர்க்கரை டப்பாவை எடுத்துத் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு வந்தார்.

"அப்போ உங்க காபிக்கு, மாமா?"

"நான் அலமாரிக்கிட்டயே போய்க் குடிச்சுக்கறேன்."

மறுநாளிலிருந்து வீடு பஸ்ஸாகிவிட்டது. அவள் வேலை முடிந்து உள்ளே நுழைந்தால், "வாம்மா" என்பதற்குள் அவர் கண் கைப்பையில் இருக்கும். சாப்பாட்டு டப்பாவை வாங்கி, மூடியைத் திறந்து, மோந்து பார்த்துவிட்டுத்தான் கழுவப் போடுவார்.

"வெள்ளரிக்காய் வாசனைதான் வருது," என்பார் கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"வெள்ளரிக்காய் வெச்சா வேற என்ன வாசனை வரும் மாமா?"

"கேக்கும் வெச்சிருக்கலாம்ல."

அவள் புருஷனிடம் முறையிட்டாள். அவன் குரலைத் தாழ்த்தினான். "விடு. அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தது தெரியும்ல. கடைசி வரைக்கும் மிட்டாயை அரிசி டப்பாவுக்குள்ள புதைச்சு வெச்சுத் தின்னாங்க. ஊர்ல டிக்கெட் இல்லாதவனையெல்லாம் பிடிச்ச மனுஷனுக்கு அது மட்டும் தெரியல. அதான் இப்ப உன்னைப் பிடிக்கிறார்."

"நான் அரிசி டப்பாவைத் தொடறதே இல்லையே. அளந்து போடறதே அவர்தான்."

இந்தக் கிண்டலெல்லாம் நின்றுபோனது மெஷின் பேச ஆரம்பித்த பிறகு. காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் நல்ல எண். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகும் நல்ல எண். மத்தியானம், கடையில் வைத்துப் பார்க்கிறது மட்டும் எகிறியது. நூற்றைம்பதுக்கு மேலே ஒரு நாள். நூற்று எண்பதைத் தொட்டுவிட்டு வந்தது இன்னொரு நாள்.

செக்கர் மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"காலையில எங்க இருக்க?"

"வீட்டுல."

"ராத்திரி?"

"வீட்டுல."

"மத்தியானம்?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. சோதனையை முடித்துக்கொண்டு அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுகிற மாதிரி எழுந்து போனார். அபராதம் போட்டிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

அன்று சாயங்காலம் புருஷனோடு நடக்கப் போனாள். தெருமுனை வரை பேசாமல் வந்தவள் நின்றாள்.

"நீங்களாவது நம்பறீங்களா?"

"நம்பறேன்."

"சொல்றதுக்கு முன்னாடி எதுக்கு எச்சில் முழுங்கினீங்க?"

"தொண்டை காஞ்சிருந்தது."

"எனக்கு விரல் காஞ்சிருக்கு. பத்து விரலையும் மாத்தி மாத்திக் குத்திட்டேன். கடையில ஒரு துணுக்குக்கூட வாயில போடல."

"க்ரீமை ருசி பார்க்க வேணாமா? வேலைன்னா அது இருக்கும்ல. நாக்குல லேசா..."

"கவுண்டர்ல இருக்கிறவளைக் கூப்பிட்டு ருசி பார்க்கச் சொல்றேன். அவளுக்குத் தாடையே ரெண்டாயிடுச்சு, வந்து பாருங்க."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான்.

டாக்டரம்மா எண்களைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். "வர்ற வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். மத்தியானம் இப்படியே இருந்தா இன்சுலின் ஆரம்பிச்சிடலாம். தினமும் ஆயிரக்கணக்கான பேர் போட்டுக்கறாங்க, பயப்பட ஒண்ணுமில்ல."

ஊசிக்கு அவள் பயப்படவில்லை. தினமும் தன்னைத் தானே குத்திக்கொள்கிறவளுக்கு ஊசி என்ன பெரிய விஷயம். அவளை அரித்தது வேறு. மத்தியானச் சோற்றைப் பாதியாக்கினாள்; எண் இறங்கவில்லை. ரொட்டிக்கு மாறினாள், இறங்கவில்லை. ரொட்டியையும் விட்டுவிட்டு, ஒரு அவித்த முட்டையும் நாலு வெள்ளரித் துண்டுமாய் நிறுத்திக்கொண்டாள். அன்றும் நூற்று அறுபத்து மூன்று. சாப்பிடாததெல்லாம் எங்கிருந்து சர்க்கரையாகிறது? தன் உடம்பு தனக்குத் தெரியாமல் ஏதோ திருட்டு வேலை செய்கிறதோ? வயிற்றைத் தடவிக்கொண்டு, "உனக்கு நான் என்னத்தைக் கொடுத்துட்டிருக்கேன்னு எனக்கே தெரியலையே," என்றாள். உள்ளே இருந்தது ஒரு உதை விட்டது. அதுவும் மாமனார் கட்சிதான் போல.

அந்த வாரம் ஒரு பெரிய கல்யாண ஆர்டர். அடுக்கடுக்காய்க் கேக். பின்னறை முழுக்க ஐஸிங் சர்க்கரை புகைபோலப் பறந்துகொண்டிருந்தது. மேஜை வெள்ளை, தரை வெள்ளை, அவள் புருவம் வெள்ளை. மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கவுண்டர்காரி வந்து எட்டிப் பார்த்தாள்.

"ரோஜாக்கா, உங்க மாமனார் வந்திருக்கார்."

செக்கர் மாமா பழைய வேலைக்குப் போகிற மாதிரி இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றார்.

"என்ன மாமா?"

"ஒண்ணுமில்ல. இந்தப் பக்கமா வந்தேன்."

"இந்தப் பக்கம் என்ன இருக்கு?"

"நீ இருக்கியே."

அவளுக்குப் புரிந்துபோயிற்று. கோபம் வந்தது. கூடவே ஒரு யோசனையும் வந்தது. ஒரு முட்டைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டாள்.

"உக்காருங்க. நான் சாப்பிடறதைப் பாருங்க. அதுக்கப்புறம் ரெண்டு மணி நேரமும் பாருங்க. பாத்ரூமுக்குப் போனா கவுண்டர்காரியைக் கூட அனுப்புங்க."

"ச்சே ச்சே, அதெல்லாம் எதுக்கும்மா," என்றார். சொல்லிக்கொண்டே உட்கார்ந்தும்விட்டார்.

முட்டையையும் வெள்ளரியையும் அவர் கண்முன்னாலேயே சாப்பிட்டாள். பிறகு வேலையில் இறங்கினாள். பையை ஒரு அழுத்து, கையை ஒரு திருப்பு. ஒவ்வொரு இதழாய் விரிந்தது. அவர் இமை கொட்டவில்லை. நடுவில் ஒரு தடவை, "இது என்ன, மொட்டா?" என்றார். "மொட்டுதான் மாமா. வாயில போட்டுக்கட்டுமா?" என்றாள்.

ஃபோனில் அலாரம் அடித்தது. அவள் குழாயடிக்குப் போய் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். டாக்டரம்மா சொன்ன மாதிரியே ஈரமில்லாமல் துடைத்தாள். குத்தினாள். சொட்டு வந்தது. மெஷின் யோசித்தது.

நூற்று எழுபத்தொன்று.

மெஷினை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"நான்தான் பார்த்துட்டே இருந்தேனே," என்றார். குரலில் செக்கர் இல்லை. "நீ ஒண்ணும் சாப்பிடலையேம்மா."

இத்தனை நாளாய் அவள் கேட்க ஏங்கிய வார்த்தை. வந்த நேரத்தில் அதைக் கொண்டாட முடியவில்லை. அவர் முகத்தில் இருந்த பயம் அவளுக்கும் தொற்றிக்கொண்டது.

"வெறும் முட்டைக்கு இவ்வளவுன்னா, பிள்ளைக்கு என்ன ஆகும் மாமா?"

"இரு இரு. மெஷின் கெட்டுப் போயிருக்கும். எனக்குப் பாரு. வருஷா வருஷம் டெஸ்ட் எடுக்கறேன், எனக்குச் சர்க்கரையே கிடையாது."

அவர் போய்க் கையைக் கழுவிக்கொண்டு, சொட்டச் சொட்ட நீட்டினார். அவள் தன் ஏப்ரனைத் தூக்கி, சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல அவர் விரல்களை ஒவ்வொன்றாய்த் துடைத்தாள். புது ஊசி மாட்டிக் குத்தினாள். அவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார்.

"எவ்வளவு?"

"இருநூத்திப் பதினாறு."

செக்கர் மாமா முட்டைப் பெட்டி மேல் மெதுவாக அமர்ந்தார். அவள் இன்னொரு பெட்டியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"காலையில எங்க இருந்தீங்க?"

"வீட்டுல."

"மத்தியானம்?"

"இங்கதாம்மா."

"உண்மையைச் சொல்லுங்க. என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் சாப்பிடல. சத்தியமா."

வாசலில் நின்ற கவுண்டர்காரி தொண்டையைச் செருமினாள். "வந்தவுடனே ஒரு க்ரீம் பன் வாங்கினாரே அக்கா. நின்னுட்டே சாப்பிட்டார். உங்களைக் கூப்பிட வேணாம், முதல்ல இதை முடிச்சுக்கறேன்னார்."

ரோஜாக்காரி அவரையே பார்த்தாள். அவர் கழுத்து ஒரு விதமாய் நின்றது.

"சின்ன பன்தாம்மா," என்றார்.

"டிக்கெட் இல்லாம ஏறிட்டீங்க."

"அதுக்காக இருநூத்திப் பதினாறா? அது இறங்கி எவ்வளவு நேரம் ஆச்சு." அவருக்கு வேர்த்துவிட்டது. நெற்றியைக் கையால் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

துடைத்த இடத்தில் பட்டையாய் ஒரு வெள்ளைக் கோடு.

அவள் அந்தக் கோட்டைப் பார்த்தாள். இப்போதுதானே சோப்புப் போட்டுக் கழுவினார்? பிறகு குனிந்து தன் மடியைப் பார்த்தாள். காலையிலிருந்து பறந்த ஐஸிங் சர்க்கரையெல்லாம் ஏப்ரனில்தான் குடியிருந்தது. தட்டினால் புகைந்தது. மெதுவாய்த் தன் ஆள்காட்டி விரலை எடுத்து நுனிநாக்கில் வைத்துப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாய் இனிப்பை வாயில் வைக்காதவளுக்கு அது சுரீரென்று இனித்தது.

"மாமா. உங்க கர்ச்சீஃபைக் கொடுங்க."

இஸ்திரி மடிப்புக் கலையாத கர்ச்சீஃப் அவர் பையில் எப்போதும் இருக்கும். மறுபடியும் இருவரும் குழாயடிக்குப் போனார்கள். மறுபடியும் சோப்பு. இந்த முறை கர்ச்சீஃபின் ஒரு பக்கத்தில் அவர், மறுபக்கத்தில் அவள். முதலில் அவருக்குப் பார்த்தாள். நூற்றுப் பத்தொன்பது. அவர் விட்ட பெருமூச்சில் மேஜையிலிருந்த சர்க்கரை கொஞ்சம் பறந்தது.

பிறகு தன் விரலைக் குத்தினாள். செக்கர் மாமா மெஷினைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

"தொண்ணூத்தி எட்டு," என்றாள். என்றவள் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"அதுல துடைக்காதம்மா," என்றார் அவர் பதறி. "கண்ணுலயும் சர்க்கரை ஏறிடப் போகுது."

அவளுக்கு அழுகைக்குள்ளேயே சிரிப்பு வந்தது. முகத்தை எடுத்தபோது மாவில் புரட்டிய மீன் மாதிரி இருந்தாள் என்று கவுண்டர்காரி அப்புறம் எல்லாரிடமும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை புருஷனுக்கு எங்கோ ஒரு லிஃப்ட் நடுவழியில் நின்றுவிட்டது. செக்கர் மாமாதான் கூடப் போனார். டாக்டரம்மா கதையைக் கேட்டுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

"எங்க மேலயும் தப்பு இருக்கு. துடைங்கன்னு சொன்னோமே தவிர, எதுல துடைக்கணும்னு சொல்லல. நல்ல வேளை, அந்த நம்பரை நம்பி ஊசி போட்டிருந்தா உங்களுக்கு மயக்கம் வந்திருக்கும்."

"அப்போ எனக்குச் சர்க்கரையே இல்லையா டாக்டர்?"

"அந்த ஆசை வேணாம். முதல்ல எடுத்த டெஸ்ட் கை நரம்புலேருந்து எடுத்த ரத்தம். அதுல உங்க ஏப்ரன் வரல. சர்க்கரை இருக்கு, பத்தியமும் இருக்கு. ஆனா முட்டையும் வெள்ளரிக்காயுமா பட்டினி கிடந்தீங்க பாருங்க, அது கூடாது. பிள்ளைக்குச் சாப்பாடு வேணும். ஒழுங்கா சாப்பிட்டுப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் டாக்டர். கொஞ்சம் சோறு, மீன், காய். துண்டுல துடைச்சுட்டுத்தான் பார்த்தேன்."

டாக்டரம்மா எண்களை ஒவ்வொன்றாய்ப் பார்த்தார். "சரி... சரி... நேத்து மட்டும் நூத்தி இருபத்தி நாலு."

ரோஜாக்காரி வாயைத் திறக்குமுன் செக்கர் மாமா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

"டாக்டர், அதுக்குக் காரணம் இருக்கு. நேத்து சாப்பிட்டதும் நடக்கப் போனா. மழை பிடிச்சுக்கிச்சு. பாதியில திரும்ப வேண்டியதாப் போச்சு. பாவம், அவ என்ன பண்ணுவா?"

"நீங்க கூட இருந்தீங்களா?"

"குடை பிடிச்சதே நான்தான். வேணும்னா இன்னைக்கு ரெட்டிப்பா நடக்க வைக்கிறேன். அந்த நாலை மன்னிச்சு விட்டுருங்க."

வேலை பார்த்த காலமெல்லாம் ஒருத்தனையும் மன்னித்து விடாத மனுஷர். ரோஜாக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். சிரிப்பை மறைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

"விட்டாச்சு," என்றார் டாக்டரம்மா. "இன்சுலின் இப்போதைக்கு வேணாம். இப்படியே தொடருங்க. ஏறினா மட்டும் பேசிக்கலாம்."

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றார்கள். அவர் பையிலிருந்து ஒரு சின்னத் துண்டை எடுத்து நீட்டினார். துவைத்து, இஸ்திரி போட்டு, பிளாஸ்டிக் உறையில் போட்டு மூடியிருந்தது.

"கடையில வெச்சுக்கோ. நாளைக்கு வேற கொண்டு வர்றேன்."

"நானே எடுத்துட்டுப் போவேனே மாமா. இதுக்காகவா தினமும் நீங்க கடைக்கு வரணும்?"

"ஏன், வரக்கூடாதா?"

"வரலாம். ஆனா கவுண்டர்காரிகிட்ட சொல்லி வெச்சிருக்கேன், உங்களுக்குப் பன் கிடையாதுன்னு."

அவர் பஸ் வருகிற திசையை எட்டிப் பார்த்தார்.

"சின்னதுகூடவா?" என்றார்.